நூற்றுப் பதினெட்டில் விழுந்த பள்ளம்

இதை நம்புங்கள் என்று யார் காலிலும் விழப்போவதில்லை. என் கம்ப்யூட்டரில் ஆறு கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் நேரமும் பதிந்திருக்கின்றன. அவற்றை எழுதியது நான் அல்ல, இயந்திரம். அதனால் நேரங்களை மட்டும் நிமிடம் பிசகாமல் சொல்கிறேன். மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வெளியே வெயிலில் கண் கூசியது. எதிர்க் கட்டிடத்தில் ஒருவர் கயிற்றில் தொங்கியபடி ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயத்துக்கு இருட்டு வேண்டும் என்று நானும் அன்றுவரை நினைத்திருந்தேன்.

என் அக்கா கார் என்ஜின்களுக்குச் சக்தி கூட்டுகிறவள். நான் அவளுடைய தம்பி. கம்ப்யூட்டர் என் பொறுப்பு. நாங்கள் வொர்க்‌ஷாப் திறந்து அப்போது எட்டு மாதம். எங்களிடம் இருந்த பெரிய சொத்து டைனோ. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தரையில் ஒரு குழி. அதற்குள் இரண்டு கனத்த இரும்பு உருளைகள். காரின் முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, பின்பக்கத்தைப் பட்டைகளால் தரையோடு இறுக்கிக் கட்டிவிடுவோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பார். சக்கரம் உருளையைச் சுழற்றும். உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதை வைத்து என்ஜினின் குதிரைத்திறனைக் கணக்கிட்டு, திரையில் ஒரு கோடாக வரையும். என்ஜினில் மாற்றம் செய்வதற்கு முன் ஒரு கோடு, பின் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கூடிய சக்தி.

கார் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓர் அங்குலம்கூட நகராது. அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

"உனக்குன்னே செஞ்ச மெஷின்டா சொப்பனம்," என்பாள் அக்கா. "உக்காந்த எடத்துலயே ஊரெல்லாம் சுத்துற ஆளு நீ." என் மேஜை இழுப்பறையில் எப்போதும் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு நாவல் பாதியில் கவிழ்ந்து கிடக்கும். அதனால் வந்த பெயர்.

அன்று வந்தவர் ஒரு பல் டாக்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிறத்தில் சின்னக் கார். அதற்கு வேறொரு கடையில் புதுச் சைலன்சரும் கம்ப்யூட்டர் மாற்றமும் செய்திருந்தார். கூடியது எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மாத்துறதுக்கு முன்னாடி எவ்வளவு எச்.பி. சார் இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"நூத்திப் பத்தோ என்னவோ. பேப்பர் வண்டிக்குள்ள இருக்கும்மா."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் வருகிறவர்கள் பிறந்த தேதியை மறந்தாலும் மறப்பார்கள், குதிரைத்திறனைப் புள்ளிக்கு அப்புறம் உள்ள எண்ணோடு சொல்வார்கள். 'என்னவோ' என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

அடுத்து அவர் கேட்டது இன்னும் விசித்திரம்.

"ஓட்டுறப்ப காலை வெளியில இருந்து பாக்க முடியுமா?"

"யாரு காலை?"

"உங்க காலைத்தாம்மா."

அக்காவின் புருவம் ஏறியது. "என் கால்ல என்ன சார் இருக்கு?"

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. நடுவுல பிரேக்கைத் தொடுறீங்களான்னு..."

"டைனோல ஏத்திட்டு யாராவது பிரேக் புடிப்பாங்களா?"

பல் டாக்டர் பல்லைக் காட்டாமல் சிரித்தார்.

பட்டைகளை இறுக்கும்போது அக்கா என் காதருகே வந்தாள். "பழைய கடைக்காரன் அனுப்பின ஆளுடா இது. நம்மகிட்ட நோட்டம் பாக்க வந்திருக்கான். கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாரு."

டைனோ அறைக்கு ஜன்னல் கிடையாது. அதற்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு தடித்த கண்ணாடி. உள்ளே ராட்சத விசிறியும் என்ஜினும் போடும் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் ஓட்டுகிறவரும் நானும் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசிக்கொள்வோம். டாக்டர் எனக்குப் பின்னால் சுவரோரம் நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து என் திரை தெரியாது. அதை நான் அப்போதே கவனித்துவைத்தேன்.

மணி 10:52. முதல் ஓட்டம்.

கோடு அழகாக ஏறியது. வேகம் எண்பது... தொண்ணூறு... நூற்றுப் பத்து. திடீரென்று ஒரு பள்ளம். அரை நொடிகூட இல்லை. கோடு சடாரென்று கீழே விழுந்து, மறுபடி எழுந்து, எதுவுமே நடக்காதது போல மேலே போனது.

அந்த நொடியில் ஹெட்போனில் ஒரு சத்தம் கேட்டது.

ஸ்ஸ்...

பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அக்காதான் என்று நினைத்தேன்.

"என்னடா, உருளை பிரேக்கைத் தட்டிட்டியா?" என்றாள் அவள். உருளையை நிறுத்தும் பொத்தான் என் மேஜையில்தான் இருக்கிறது.

"இல்லையே. நீ காலை எடுத்தியா?"

"நான் எதுக்குடா எடுக்குறேன்?"

பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"நூத்திப் பதினெட்டுலதானே?"

திரையைப் பார்த்தேன். பள்ளம் விழுந்த வேகம் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். திரும்பினேன். டாக்டர் சுவரோரத்திலேயே நின்றிருந்தார். ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

10:58. இரண்டாவது ஓட்டம். 11:06. மூன்றாவது. மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று பள்ளங்களும் ஒரே பள்ளமாகத் தெரிந்தன. மனிதக் கால் இவ்வளவு துல்லியமாகத் தவறு செய்யாது.

காரின் சொந்தக் கம்ப்யூட்டர் பதிந்த விவரங்களைத் திறந்தேன். ஆக்சிலரேட்டர்: முழுசாக மிதிபட்டிருக்கிறது. பிரேக்: நூற்றுப் பதினெட்டில் 0.4 நொடி மிதிபட்டிருக்கிறது. மூன்று தடவையும்.

அக்கா இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பிரேக் விழுந்திருக்குக்கா."

"நான் மிதிக்கல."

"பதிவு பொய் சொல்லாதுக்கா."

"அப்ப நான் பொய் சொல்றேனா? நாவலை மூடிவெச்சிட்டு வேலையைப் பாருடா. நீதான் எதையோ தட்டியிருக்கே."

எட்டு மாதத்தில் அவள் என்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். சந்தேகப்பட்டதில்லை. அன்று சந்தேகப்பட்டாள். நானும்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றார் டாக்டர். "நான் பவர் பாக்க வரல."

இருவரும் அவரைப் பார்த்தோம்.

"நாலு மாசமா இப்படித்தான். அந்த வேகம் வந்தா வண்டி தானா பிரேக் போடுது. கம்பெனி சர்வீஸ்ல பாத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. வீட்டுல நான்தான் என்னை அறியாம மிதிக்கிறேன்னு சொல்றாங்க. மனசு டாக்டரைப் பாருங்கன்னு ஒரே சண்டை." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். மிகச் சுத்தமான கைகள். "ஆறு வயசுல ஒரு பொண்ணு. என்கூட வண்டில ஏறாதேன்னு சொல்லிவெச்சிருக்காங்க. ஸ்கூல் வாசல்ல என்னைப் பாத்தா அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சிக்குது."

"அந்த வேகத்துக்குப் போகாம ஓட்டுங்களேன் சார்," என்றாள் அக்கா. குரல் தணிந்திருந்தது.

"அப்படி ஓட்டினா, நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. எனக்கு வண்டியா, நானான்னு தெரியணும். வேற ஒருத்தர் ஓட்டுறப்பவும் இப்படி ஆச்சுன்னு ஒரு பேப்பர் குடுங்க. வீட்டுல காட்டணும். அது போதும்."

இந்த முறை நான் காரில் ஏறினேன். அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

11:21.

இடது காலைத் தரையில் தட்டையாக வைத்துக்கொண்டேன். வலது காலால் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தினேன். உருளைகள் ஓலமிட்டன. ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. முன்னால் சுவர். அசையாத சுவர். முள் மட்டும் ஏறியது. நூறு... நூற்றுப் பத்து... நூற்றுப் பதினைந்து...

ஸ்ஸ்...

ஹெட்போனில் இல்லை. அதற்கு வெளியே. என் இடது பக்கத்தில். காலியாக இருந்த பக்கத்து சீட்டிலிருந்து.

அதே நொடியில் என் வலது ஷூவின் ஓரத்தை உரசிக்கொண்டு ஏதோ கீழே போனது.

பிரேக் பெடல்.

போனது... பிறகு மேலே வந்தது. மறுபடி என் ஷூவை உரசியது.

நான் எப்படி வண்டியை நிறுத்தினேன் என்று நினைவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை.

"விழுந்துச்சா?" என்றேன்.

"விழுந்துச்சு."

"நான் மிதிக்கலக்கா."

"தெரியும்."

அவளுக்கு என்ஜினைத் தவிர எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பெடல் அழுந்தினால் அது காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடும். "சுவிட்ச்தான்டா பொய் சொல்லுது, வேற என்ன," என்று சொல்லி, அதன் ஒயரைக் கழற்றிவிட்டு அவளே ஏறினாள். பெடல் உரசியதை நான் சொன்னேன். காதில் வாங்காதது போல இருந்தாள்.

11:34. சுவிட்ச் இல்லாமல் ஓட்டினாள். பதிவில் பிரேக் என்ற குறியே இல்லை.

பள்ளம் மட்டும் இருந்தது. அதே இடத்தில்.

சுவிட்ச் பொய் சொல்லவில்லை. யாரோ நிஜமாகவே மிதிக்கிறார்கள்.

அக்கா தன் போனை எடுத்தாள். டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, பெடல்கள் தெரியும்படி டேப்பால் ஒட்டினாள். டாக்டரை வரவேற்பறையில் உட்காரச் சொன்னாள். "உள்ள சூடா இருக்கு சார், நீங்க காத்தோட்டமா உக்காருங்க."

11:47. ஆறாவது ஓட்டம்.

அந்தப் படம் மொத்தம் பதினாலு நொடி. இருவரும் தலையோடு தலை முட்ட நின்று பார்த்தோம். அக்காவின் வலது ஷூ ஆக்சிலரேட்டரின் மேல். இடது ஷூ தரையில். நடுவில் பிரேக் பெடல் சும்மா நின்றது.

ஒன்பதாவது நொடியில் அது இறங்கியது.

கோளாறு என்றால் வெட்டி இழுக்கும். இது அப்படி இல்லை. முதலில் கொஞ்சம். பிறகு அழுத்தமாக. பயந்துபோன ஒருவர் மிதிப்பது மாதிரி... மிதித்து, நடுங்கி, விட்டது.

பெடலின் மேல் எதுவும் இல்லை. ரப்பர் மட்டும் லேசாக அமுங்கியிருந்தது.

ஐந்து விரல் அகலத்துக்கு.

அக்கா படத்தை அழித்தாள். சுவிட்ச் ஒயரை மாட்டினாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"ஸ்மூத்திங்கை அஞ்சுல வெச்சு பிரிண்ட் எடு," என்றாள்.

இதை விளக்க வேண்டும். டைனோ வரைகிற கோடு இயல்பில் ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். வாடிக்கையாளருக்கு அது பிடிக்காது. அதனால் மென்பொருளில் கோட்டை வழவழப்பாக்க ஓர் அமைப்பு உண்டு. பூஜ்யம் என்றால் உள்ளபடி. ஐந்து என்றால் பட்டுப்போல. எங்கள் தொழிலில் எல்லோரும் ஐந்தில்தான் வைத்துக் கொடுப்பார்கள். போட்டோவுக்கு முன் முகத்தில் பவுடர் பூசுவது போல. யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை. நானும் நூறு தடவை செய்திருக்கிறேன். அரை நொடிப் பள்ளம் ஐந்தில் நிற்காது.

"அக்கா... அவர் கேட்டதே அந்தப் பள்ளத்தைத்தான்."

"தெரியும்டா."

"அப்புறம்?"

"குடுத்தா என்ன ஆகும்? நாளைக்கே நாலு பேர்கிட்ட காட்டுவார். பேய் ஏறின டைனோன்னு பேர் பரவும். ஒரு வண்டி வாசல்ல ஏறாது. எட்டு மாசம்டா. கண்ணு மூடாம கட்டின கடை." அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கு. அந்த வண்டி மொதல்ல இங்கிருந்து போகட்டும்."

அக்கா பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சுட்டியை நகர்த்தினேன். ஒன்று... இரண்டு... மூன்று... பள்ளம் ஆழம் குறைந்து, பள்ளமாக இல்லாமல் போய், ஒரு சின்ன நெளிவாகி, ஐந்தில் மறைந்தே போனது.

10:58, 11:06, 11:21. இந்த மூன்று ஓட்டங்களைத் தேர்ந்தெடுத்தேன். கூடிய சக்தி இருபத்தாறு குதிரைத்திறன். அடியில் 'குறை ஏதும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எக்ஸ்ரே பார்ப்பது போல.

"நேராத்தானே இருக்கு..."

"ஆமா சார்."

"உங்க கால் படாம பிரேக் விழுகலையே தம்பி?"

"இல்ல சார்."

"பிரேக் விழுந்திருக்குன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களே?"

"அது எங்க மெஷின் தப்பாக் காட்டினது சார்."

பொய் தானாக வந்தது. அதற்கும் யாரோ ஸ்மூத்திங் போட்டதுபோல.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மெல்லத் தலையாட்டினார். பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்ட நோயாளி மாதிரி. தாளை நான்காக மடித்தார்.

"அப்ப நான்தான்," என்றார்.

12:35-க்குக் கிளம்பினார். வாசலில் கார் திரும்பும்போது பிரேக் விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. அவர் மிதித்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இருபத்து மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, மதியம் 3:15-க்கு வொர்க்‌ஷாப் போன் அடித்தது. ஒரு பெண்மணி. மெல்லிய, சோர்ந்த குரல்.

"சாம்பல் கலர் கார்... டாக்டரோடது. நீங்கதான் பாத்தீங்களா தம்பி? உங்க பேப்பரோட நகல் ஒண்ணு டிராயர்ல கெடச்சுது."

"ஆமாம்மா. நீங்க...?"

"அவர் வீட்டுலருந்து பேசுறேன். அந்த ஞாயித்துக்கிழமை மணி சிலதைப் படிக்கிறேன். அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்லுங்கம்மா."

"பத்து அம்பத்திரண்டு. பத்து அம்பத்தெட்டு. பதினொண்ணு ஆறு. பதினொண்ணு இருபத்தொண்ணு. பதினொண்ணு முப்பத்திநாலு. பதினொண்ணு நாப்பத்தேழு."

என் கையிலிருந்த பேனா உருண்டு விழுந்தது.

தாளில் மூன்று நேரங்கள்தான் இருந்தன. அவர் ஆறு சொன்னார்.

"அம்மா... இது உங்களுக்கு எப்படி..."

"அன்னிக்கு அவர் கிளினிக் போறேன்னுதான் சொன்னார். நான் அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன். பத்து அம்பத்திரண்டுக்கு என் வலது கால் தானா தரையை அழுத்துச்சு. நான் அழுத்தல தம்பி. அதுவா. கொஞ்ச நேரத்துல மறுபடி. பயந்துபோய் ஒவ்வொரு தடவையும் தங்கச்சிக்கு மெசேஜ் போட்டேன். 'இப்ப திரும்ப வந்துச்சு'ன்னு. அந்த மெசேஜ் எல்லாம் இப்ப என் கையில இருக்கு."

திரையில் ஆறு கோப்புகளின் நேரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"நாலு மாசமா அப்பப்ப வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. நரம்புன்னு நெனச்சேன். அவர் வண்டில போற நேரம்னு சேர்த்துப் பாக்கத் தோணல."

"அது எப்ப தொடங்குச்சும்மா?"

"ஒரு நாள் மூணு பேரும் வெளியூர் போய்ட்டு வந்தோம். மெதுவாப் போங்கன்னேன். கேக்கல. முள்ளு நூத்திப் பதினெட்டுல நின்னுச்சு. முன்னாடி லாரி. அவர் பாக்கல. நான் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காலால தரையை அழுத்தினேன். அங்க பிரேக் இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா எல்லாரும் செய்யுறதுதானே? பயந்தா செய்வோமே... உசிரைக் கால்ல வெச்சு அழுத்தினேன். கடைசி நிமிஷத்துல அவர் திருப்பிட்டார். ஒண்ணும் ஆகல. வீடு வந்து சேர்ந்தோம். அன்னிக்கு எறங்கினவ, அப்புறம் அந்த வண்டில ஏறவே இல்ல."

"அம்மா," என்றேன். "அந்தப் பேப்பர் பொய்ம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளம். பெடல். அழித்த படம். ஸ்மூத்திங். நான் முடித்ததும் மறுமுனையில் அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

ஸ்ஸ்...

அந்த மூச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் இடது பக்கத்தில்.

"அவரைப் பைத்தியம்னு சொன்னேன் தம்பி," என்றார். "நாலு மாசம்."

"இப்ப கால் எப்படிம்மா இருக்கு?"

"அன்னிக்குப் பன்னெண்டு அம்பத்தெட்டுக்கு ஏழாவது தடவை வந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியில, நான்தானேன்னு வெறியில வேகமா மிதிச்சிருக்கார். அது அழுத்துச்சு... விடவே இல்ல. ரொம்ப நேரம். அதுக்கப்புறம் காலுக்கு உணர்ச்சியே இல்ல. ஊசியால குத்திப் பாத்துட்டாங்க. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. கட்டில்லதான் கெடக்கேன். அவர் வந்துட்டார். வண்டியும் வந்துச்சு. என் கால் மட்டும் வரல."

"வண்டி... வண்டி எங்கம்மா?"

"வித்தாச்சு. பதினோரு நாள் ஆச்சு. புரோக்கர் உங்க பேப்பரைப் பாத்ததும் மறுபேச்சு பேசலையாம்."

"யார் வாங்கினாங்கன்னு..."

"தெரியாது. கைமாறிப் போயிருச்சாம். ஆனா யாரோ வேகமா ஓட்டுறாங்க."

"எப்படித் தெரியும்?"

"உணர்ச்சி செத்த கால் தம்பி. வாரத்துல ரெண்டு தடவை... அழுத்துது."

மறுநாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஆறு கோடுகளையும் உள்ளபடி அச்செடுத்து, டாக்டர் முன்னால் வைத்துத் தலைகுனிந்து நின்றாள். அவர் எங்களைத் திட்டவில்லை. ஒவ்வொரு பள்ளத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கார் கிடைக்கவில்லை.

புரோக்கரைத் தேடினோம். அவர் இன்னொரு புரோக்கரைக் காட்டினார். அந்த ஆள் போனை எடுக்கவில்லை. எங்கோ ஒரு வண்டி, எங்கள் கடைப் பெயரும் என் கையெழுத்தும் உள்ள தாளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. குறை ஏதும் இல்லை.

அந்த அம்மா இப்போது தங்கைக்கு மெசேஜ் அனுப்புவதில்லை. எனக்கு அனுப்புகிறார். நேரம் மட்டும்தான். நான் குறித்துவைக்கிறேன். செவ்வாய் மாலை 6:20. வெள்ளி காலை 7:44. ஞாயிறு மதியம் 2:09.

இன்று காலை வந்தவற்றை அப்படியே கீழே தருகிறேன்.

9:03. அழுத்துது.

9:04. இன்னும் விடல.

9:05. இவர் ரெண்டு கையால தூக்கிப் பாக்கிறார். வரல.

பிறகு இருபத்தாறு நிமிடம் ஒன்றும் வரவில்லை. நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

9:31. விட்டுடுச்சு.

9:32. தம்பி, நான் கட்டிலை விட்டு எறங்கவே இல்ல. பாதம் நனைஞ்சிருக்கு. ஆத்துத் தண்ணி வாசனை அடிக்குது.